நில்லுச்சு

புதூர்நாட்டில் காலையிலிருந்து விடாத மழை.

“பஸ் நில்லுச்சாம்! இன்னும் இப்பிடித்தான் பேசுது,” என்று லேப்டாப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான் தமிழ்மணி. “நின்னுச்சுன்னு சொல்லிக் குடேன். நாளைக்கு சென்னைல இதைக் காட்டறப்போ நாலு பேர் முன்னால மானம் போய்டும்.”

“வாணாங்க,” என்றாள் மனைவி கோகிலவாணி. “சொல்லு, சொல்லுச்சுன்னு நாம பேசறதைக் கேட்டிருக்குது. அதே மாதிரி நில்லு, நில்லுச்சுன்னு தானா பண்ணிக்கிச்சு.”

“எந்தக் கொழந்தை இப்பிடிப் பேசும்? கொழந்தை மனசு மாதிரியே புரோகிராம் எழுதறேன்னு சொன்ன. உன் கம்ப்யூட்டர் தப்பா கத்துக்கிச்சுன்னு ஆராய்ச்சியையே திருப்பி அனுப்பிடுவாங்க.”

கோகிலவாணி லேப்டாப்பை மூடப் போனாள்.

வாசலில் கைநீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய மூன்று வயது மகள் உள்ளே ஓடி வந்தாள்.

“அப்பா, மழை நில்லுச்சு!”