நீள வாக்கியம்

ஜோஸ்மிக்கும் டின்ஸிக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம். டின்ஸி போன் பண்ணினால் ஜோஸ்மி எடுப்பதில்லை. வீடு தேடி வந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவாள். கேரளத்துப் பாலாவில் நர்ஸ் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஈப்பன் சாருக்கு மட்டும் தெரியாது.

"நீங்க ரெண்டு பேரும் ஜோடி. எழுந்திருங்க," என்றார்.

பேக்கரி மாடியில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்பு அது. வெளிநாடு போகிற நர்ஸுகளுக்கு. பரீட்சையில் துண்டு துண்டாகப் பேசினால் மார்க் போய்விடும். அதனால் ஒருத்தி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பலகையில் இருக்கிற சொல்லைப் போட்டு, அடுத்தவள் அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்.

"சாரே, நான் வேற யார்கூடயாவது பேசறேனே," என்றாள் ஜோஸ்மி.

"பரீட்சையில உனக்குப் பிடிச்ச ஆளையா எதிர்ல உட்கார வைப்பாங்க? பேசலைன்னா இந்தத் தடவை உன்னை அனுப்ப மாட்டேன். உன் சொந்த வாழ்க்கையில நடந்ததா ஒண்ணு சொல்லு."

பேசித்தானே ஆகணும்? மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை ஜோஸ்மி இங்கிலீஷில் எடுத்து விட்டாள்.

"என்கூட அறையில இருந்தவ, மேட்ரன்கிட்ட என்னைப் போட்டுக் கொடுத்தா."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்படிப் போடு!" என்றது பின்பெஞ்சு.

சார் இலக்கணத்தை மட்டும் பார்த்தார். "தப்பில்லை." பலகையில் 'பிகாஸ்' என்று எழுதினார். "டின்ஸி, சேர்."

டின்ஸி சேர்த்தாள். "பிகாஸ்... அவ டியூட்டியில தூங்கினா."

"புளுகாதடீ!" ஜோஸ்மிக்கு மலையாளம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இங்கிலீஷ்ல."

இங்கிலீஷிலேயே சொன்னாள். "நான் ஒரு நாள்கூடத் தூங்கலை. எக்ஸ்ரே அறையிலேருந்து என்னைத் தூக்கிச் சீட்டு எழுதுற இடத்துல போட்டாங்க. அந்த அனுபவம் மட்டும் இருந்தா நான் எப்பவோ லண்டன் போயிருப்பேன். மறுநாளே என் இடத்துல இவ உட்கார்ந்தா."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லை," என்றார் சார். 'பிகாஸை' அழித்துவிட்டு 'பட்' எழுதினார். "டின்ஸி."

"பட்... அவ தூங்கலை."

"கேட்டீங்களா எல்லாரும்! அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா!"

வகுப்பில் சலசலப்பு. முன்பெஞ்சு ஷைபி டின்ஸி பக்கம் திரும்பி, "இவ பக்கத்துலயா நீ படுத்துத் தூங்கினே? உனக்கு நெஞ்சழுத்தம்தான், மோளே," என்றாள்.

டின்ஸி தலையைக் குனிந்து உட்காரப் போனாள்.

"யார் உட்காரச் சொன்னது?" என்றார் சார். "இப்படி மருந்து சொட்டற மாதிரி பேசினா உன்னையும் அனுப்ப மாட்டேன். எல்லாத்தையும் கோத்து ஒரே வாக்கியமா சொல்லு. எந்தச் சொல்லை வேணும்னாலும் போட்டுக்கோ."

டின்ஸி ஜோஸ்மியைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தே, மூச்சு விடாமல் சொன்னாள்.

"நான் மேட்ரன்கிட்டப் பொய் சொன்னேன், பிகாஸ் அவ குழாயைத் திறந்துவிட்டு யாருக்கும் தெரியாம வாந்தி எடுத்தது எனக்குக் கேட்டுச்சு, அண்ட் வயித்துப் பிள்ளைக்கு எக்ஸ்ரே அறை ஆகாது, பட் கர்ப்பம்னு உண்மையைச் சொன்னா அவளை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க, அண்ட் அந்த இடம் காலியா கிடந்தா திரும்ப அவளையே கூப்பிடுவாங்க, ஸோ நானே போய் உட்கார்ந்தேன்."