சோம்பேறியின் வரிக் கணக்கு

“மூணு வருஷமா அமெரிக்காவுக்கு வருமான வரிக் கணக்கே குடுக்காத சோம்பேறியக் கட்டிக்கிட்டு அழறேனே!” ஜோர்டானின் அம்மான் நகரில், வீடே அதிரக் கத்தினாள் லுப்னா.

அமெரிக்கக் குடிமகனான கணவன் நிதால் அந்தக் கணக்கைக் காட்டாமல், அவளுக்கு அங்கே குடியேற விசா கிடையாது.

“அடுத்த மாசம் பாத்துக்கலாம்டி,” என்று அவன் வழக்கம்போல் நழுவினான்.

அவளே அவனுடைய தாள்களை அள்ளிக்கொண்டு வரிக் கணக்கர் அபு ராமியிடம் ஓடினாள். அவர் நிதாலின் வரி எண்ணைக் கணினியில் தட்டினார்.

“புருஷன வீணாத் திட்டாதம்மா. மூணு வருஷமும் கெடுவுக்கு முந்தியே குடுத்துட்டான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து.”

“நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே, மாமா!”

“நீ இல்லம்மா,” என்றார் அபு ராமி, தலை நிமிராமல். “பொண்டாட்டி பேரு ‘மெலிசா’ன்னு இருக்கு. பிள்ளைங்க ரெண்டு.”