ஈசலுக்கு எந்தக் கட்டம்?

ஆபீஸ்காரர்கள் தகவல்களை வகை பிரித்து வைக்க டேட்டாபேஸ் வடிவமைக்கிறோம் என்று வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று கோடு இழுத்துக்கொண்டே இருந்தார்கள். பார்த்துப் பார்த்து, பலகை மூலையில் குடியிருந்த சிலந்திக்கும் ஆசை வந்துவிட்டது. நன்றாக இருந்த வலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பட்டினி கிடந்து புதிதாகப் பின்னியது. பறப்பவைக்கு ஒரு கட்டம், நடப்பவைக்கு ஒரு கட்டம், நடுவில் உறவுக்கு ஓர் இழை.

"இன்னும் சாப்பிடலையாக்கா?" என்று உச்சுக் கொட்டியது டியூப் லைட் பல்லி.

"முதல்ல டிசைன் முடியட்டும்டா."

மழை விட்ட சாயங்காலம் ஓர் ஈசல் வந்து வலையில் ஒட்டிக்கொண்டது. சிலந்திக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் எந்தக் கட்டத்தில் போடுவது? இறக்கையும் இருக்கிறது, எறும்பு மாதிரி காலும் இருக்கிறது. இரண்டிலும் போடலாமென்றால், ஒன்றை இரண்டு இடத்தில் வைக்கவே கூடாது என்று பலகைக்காரர்கள் தினமும் சண்டை போடுகிறார்களே!

அது யோசித்து முடிப்பதற்குள் ஈசல் இறக்கையைக் கழற்றிவிட்டுச் சுவரில் இறங்கி நடந்தது. பல்லி லபக்கென்று விழுங்கியது.

"அடேய், அது எந்தக் கட்டம்னு பார்த்தியா?" என்று பதறியது சிலந்தி.

"எனக்கு இருக்கிறது ஒரே கட்டம்தான்க்கா" என்று வயிற்றைக் காட்டியது பல்லி.

வலையில் இறக்கைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சிலந்தி அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு பசியை அடக்கிக்கொண்டு, இறக்கைக்கென்று தனியாக ஒரு கட்டம் பின்ன ஆரம்பித்தது.