புல் வெட்டிய மேடு

"இந்த வருஷமும் மெஷின் சத்தத்துல உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேனா தாத்தா?"

புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளிலிருந்து இறக்கி முற்றத்துச் சுவரில் சாத்தினாள் ஹேரான். கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

தொக்சு கிழவர் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தார். காலையில் மலைமேல் இயந்திரம் உறுமத் தொடங்கியதிலிருந்து அங்கேதான் நிற்கிறார். காலடியில் பாய் நிறைய மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

அறுவடைப் பௌர்ணமிக்கு இன்னும் பத்தே நாள். அதற்குள் அவரவர் வீட்டுச் சமாதி மேட்டில் புல்லை வெட்டிவிட வேண்டும். மேடு மொட்டையடித்த தலை மாதிரி இருந்தால்தான் உள்ளே இருப்பவருக்குப் பிள்ளைகள் உண்டு என்று ஊர் ஒத்துக்கொள்ளும்.

முற்றத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடுகள். இரண்டிலும் பெயர்க்கல் கிடையாது. ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றதை முள்ளும் கொடியும் மூடியிருந்தன. அது மேடு என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஹேரான் நாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். சித்தப்பா இருந்தவரை அவர்தான் வந்து புல் வெட்டிவிட்டுப் போவார். அவர் காலமான பிறகு பட்டணத்திலிருந்து தனியாக வந்து மலையேறினாள். முதல் வருடமே மேடு மாறிவிட்டது.

அவள் வெட்டியது அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த, தொக்சுவின் மனைவி மால்சுன்னின் மேட்டை.

அந்த வருடம்தான் தொக்சுவுக்கு முட்டி இரண்டும் போயிருந்தன. மகன்கள் இரண்டு பேரும் கனடாவில். இனி மால்சுன்னுக்கு யார் புல் வெட்டுவார்கள் என்று படுத்த படுக்கையாக அழுதுகொண்டிருந்தபோது மலையில் சத்தம் கேட்டது. தவழாத குறையாக முற்றத்துக்கு வந்து பார்த்தார். அடையாளம் தெரியாத ஒரு பெண் மேட்டின் முன்னால் அரிசி மதுவை ஊற்றி, தரையில் நெற்றி பட வணங்கி, அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருந்தாள்.

சொல்லிவிடத்தான் நினைத்தார். இறங்கி வந்தவள், பைன் இலை மணக்கும் பிறைக் கொழுக்கட்டை ஒன்றை அவர் கையில் வைத்தாள். அழுது வீங்கிய முகம். நீ அழுதது வேறொருத்தி முன்னால் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினார். மால்சுன் இருந்திருந்தால், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று விளாசியிருப்பாள்.

கொழுக்கட்டைதான்.

அப்படியே ஏழு இலையுதிர்காலம் போய்விட்டது.

"இதான் தாத்தா கடைசித் தடவை," என்றாள் ஹேரான். "இனிமே புல்லும் வேணாம், குளவிகிட்டக் கொட்டு வாங்கவும் வேணாம். அம்மாவை எடுத்துத் தகனம் பண்ணி, எங்க வீட்டுக்கிட்ட இருக்கிற அஸ்தி மண்டபத்துல ஒரு தட்டுல வச்சிடப் போறேன். ஏ.சி. எல்லாம் போட்டிருக்கு. நெனச்சா நெனச்ச நேரம் போய்ப் பாக்கலாம்."

அவர் வாக்கரின் காலால் பாயிலிருந்த மிளகாயைக் கிளறிவிட்டார்.

"நாளைக்குக் காலையில தோண்ட ஆள் வருது. எதுக்கும் ஊர்ல வயசானவங்க ஒருத்தரைக் கேட்டுக்கோன்னு சொன்னாங்க. நான் வெட்டினதுதானே எங்கம்மா மேடு?"

வாக்கரின் கம்பி கையில் வழுக்கியது.

இல்லை என்று சொன்னால் மால்சுன் இருந்த இடத்திலேயே இருப்பாள். ஆனால் அடுத்த வருடம் அவள் மேல் இடுப்பளவு புல் நிற்கும். அதற்கடுத்த வருடம் முள். பக்கத்து மேட்டைப் பார்த்தாலே தெரிகிறதே. ஆமாம் என்று சொன்னால் நாளைக்கே போய்விடுவாள். அவர் போய்ப் படுக்கும்போது பக்கத்தில் வெறும் மண்தான் இருக்கும்.

எப்படிச் சொன்னாலும் மால்சுன் அவர் கைவிட்டுப் போகிறாள். மலையேற முடியாத இந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவரால் எதையும் தடுக்க முடியாது.

ஒரு பெண் பிறந்திருந்தால் வந்து வந்து பார்ப்பாளே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவள் மால்சுன்.

"ஆமா கண்ணு," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அதுதான்."

ஹேரான் இடுப்பு வளைய வணங்கினாள். கிழவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் இயந்திரத்தைத் தூக்கித் தோளில் மாட்டி வாசல்வரை போய்விட்டாள்.

"மேல் தட்டுல வச்சிடாதேம்மா. உயரம்னா அவளுக்கு நடுக்கம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஹேரான் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"எங்கம்மாவைப் பத்தி இந்த மாதிரி ஒருத்தர்கூட எனக்குச் சொன்னதில்ல தாத்தா. அப்பா வாயே திறக்க மாட்டாரு." போனை எடுத்து அவசரமாக எழுதிக்கொண்டாள். "வேற? அவங்களுக்கு என்ன புடிக்கும்?"

"எள்ளுப் பூரணம்," என்றார் தொக்சு. "பயத்தம்பூரணம் வச்சா தொடவே மாட்டா."

அதையும் எழுதிக்கொண்டாள்.

மலைச்சரிவில், முட்புதர் மூடிய மேட்டுக்கு மேலே, செஸ்ட்நட் மரம் முள்ளுக்காய் வெடித்துக் கொட்டை தெரிய நின்றது. அதன் உச்சிக் கிளைவரை ஏறி நின்று உலுக்கத் துணிந்தவள் இந்த ஊரில் ஒரே ஒருத்திதான். விழுந்து தொலைக்காதே என்று கீழேயிருந்து எல்லோரும் கத்துவார்கள். அவள் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டியிருந்த கைக்குழந்தை ஹேரான் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பாள்.