அரைக் கிலோ போர்வை

"மாப்பிள்ளை இப்படிக் கஞ்சனா இருப்பார்னு நான் நினைக்கவே இல்லைம்மா."

சமையலறை வாசலில் நின்று மாமனார் மகளிடம் ரகசியம் பேசினார். ரகசியம் என்று பெயர்தான். நாற்பது வருஷம் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே தைத்தார்.

அடுத்த வாரம் மலை மேல் இரண்டு நாள் கேம்ப். அதற்குத்தான் பஞ்சுப் போர்வை தயாராகிக்கொண்டிருந்தது. மேலும் கீழும் மெல்லிய நைலான், நடுவே ஒற்றை ஷீட் செயற்கைப் பஞ்சு. போன வருஷம் கணவனும் மனைவியும் அங்கே வாடகைக்குக் கிடைத்த போர்வையைத்தான் சுமந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. இந்த வருஷம் மகளுக்காவது சொந்தமாக ஒன்று தைக்கிறாரே என்று மாமனாருக்கு முதலில் சந்தோஷம்தான்.

ஆனால் தைக்கிற லட்சணம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மருந்துக்கடை. வெட்டிய ஒவ்வொரு துண்டையும் சமையலறைத் தராசில் வைத்து கிராம் பார்ப்பார்.

மாமனார் கார் சீட் உறை தைத்தவர். கடைத்தெருவில் 'குட்டை டெய்லர்' என்றால்தான் தெரியும். கார் பழைய இரும்புக்குப் போனாலும் அவர் தைத்த உறை கிழியாது. "என் தையலைப் பிரிக்கிறவன் இன்னும் பிறக்கலை" என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"என்ன மாப்பிள்ளை, மூடிக்க மட்டும்தான் இருக்கு? முதுகுக்கு அடியில ஒண்ணும் காணோமே, துணி பத்தலையா?"

"அடியில போற பஞ்சு நசுங்கிடும் மாமா. நசுங்கின பஞ்சு குளிர் தாங்காது. அதுக்குத்தான் பாய் இருக்கே."

"சரி, பட்டனாவது வைக்கக் கூடாதா?"

"நாடா போதும். பட்டன் எட்டு கிராம்."

"எட்டு கிராம்! இதுல ஒரு ஈ வந்து உக்காந்தாக்கூட விரட்டுவீங்க போலிருக்கே."

"கண்டிப்பா விரட்டுவேன் மாமா."

போன வருஷம் மாமனாரையும் கேம்புக்குக் கூப்பிட்டார்கள். "முட்டிவலிக்காரனை எதுக்கு இழுக்குறீங்க? என் பையை இன்னொருத்தர் தூக்க, நான் கையை வீசிக்கிட்டு நடக்கவா? அது நடக்காது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர்கள் எடுத்துவந்த மலை போட்டோக்களைப் போனில் எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. தானாகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும் முடிந்த போர்வையை விரித்துப் பார்த்தார். டேப்பை வைத்தார். திக்கென்றது.

நீளம் அஞ்சடிதான்!

மகளோ அம்மாவைக் கொண்டு அஞ்சடி எட்டு அங்குலம் வளர்ந்தவள். காலுக்கு அடியில் செருகினால் தோள் திறந்து கிடக்கும். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? மலைக் குளிரில் என் பெண் விறைக்கணுமா?

அவர் யாரிடமும் கேட்கவில்லை. பின்னறையில் இருந்த தன் பழைய மெஷினின் தூசியைத் தட்டினார். பெட்டியைக் கிளறி, ஸ்பாஞ்ச் வைத்த சீட் துணியில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டினார். போர்வையின் தலைப்பக்கம் வைத்து, இரட்டைத் தையல் போட்டார். இழுத்துப் பார்த்தார். யானை இழுத்தாலும் வராது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் வராததுமாகப் போர்வையைச் சுருட்டித் தராசில் வைத்தார். முகம் தொங்கிப்போனது.

"எழுநூத்தி முப்பதா? காலையில சரியா ஐநூறுதானே இருந்தது!"

"நான்தான் மாப்பிள்ளை." மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "மனசுல வச்சுக்கிட்டு இருக்க எனக்குத் தெரியாது. கிராம் பாக்குறவர், பொண்டாட்டி உயரத்தையும் பாத்திருக்கணும். என் பொண்ணு குளிர்ல நடுங்குறதை நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இது அவளுக்கு இல்லை."

"அப்போ உங்களுக்கா? நீங்க அவளுக்கு மேல நெட்டையாச்சே!"

"அப்பா," என்றாள் மகள், "இந்த வீட்டுல அஞ்சடிப் போர்வைக்குள்ள அடங்குற ஆளு யாருப்பா? போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க சோபாவுல குறட்டை விட்டப்போ டேப் வச்சு அளந்தது நான்தான்."

மாமனார் போர்வையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் அதே வாடகைப் போர்வைதான் மாமா," என்றார் மாப்பிள்ளை. "உங்க முதுகுல மொத்தமா மூணு கிலோ வரைக்கும் ஏத்தலாம்னு டாக்டர் சொன்னார். உங்க பையை எங்களைத் தூக்க விடமாட்டீங்க. அதான் போர்வையை அரைக் கிலோவுல முடிச்சேன். முன்னாடியே சொன்னா வேண்டாம்பீங்க. தச்சுக் கையில கொடுத்துட்டா மறுக்க முடியாதுன்னு..."

மாமனார் மெல்ல சோபாவில் உட்கார்ந்தார். போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்க, தையலையே தடவிக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி முப்பது கிராம் ஜாஸ்தியா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

மகள் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த பிளேடை எடும்மா. என் தையலைப் பிரிக்க வேற யாரால முடியும்?"