பெட்டிக்குள் ஒரு பில்

"இந்த வருஷம் அம்மாவுக்கு நீ ஒண்ணும் வாங்க வேண்டாம். நான் வாங்கறதே போதும்."

செருப்புக் கடை வாசலில் நின்று டீச்சர் இப்படிச் சொன்னதும், தம்பி மனைவி குடையை மடக்கிக்கொண்டே சிரித்தாள்.

"சரிக்கா."

இந்தச் 'சரிக்கா'தான் டீச்சருக்குப் பிடிக்காது. எதிர்த்துப் பேசினாலாவது நாலு வார்த்தை சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, விடுமுறையில் நாலு நாள், டீச்சர் அம்மா வீட்டுக்கு வருவாள். வந்த மறுநாளே இந்தக் கடையில் அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கியாக வேண்டும். அதுவும் இருப்பதிலேயே உசத்தியாக.

போன வருஷம் என்ன ஆச்சு? தம்பி மனைவி ஒரு சுடுதண்ணிப் பை வாங்கிக் கொடுத்தாள். வெறும் ரப்பர் பை! அம்மா அதைப் போர்வைக்குள் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டு, 'என் கஷ்டம் என் பாப்பாவுக்குத்தான் தெரியும்' என்று பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டாள். டீச்சர் நீட்டிய செருப்புப் பெட்டி, 'அப்புறமா போட்டுப் பாக்கறேன்' என்று கட்டிலுக்கு அடியில் போனது.

பாப்பா! அது டீச்சருடைய பெயர். முப்பத்தஞ்சு வருஷம் அந்த வீட்டுக்கு அவள் ஒருத்திதான் பாப்பா. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் பெயர் கைமாறிவிட்டது. இப்போது அம்மாவே, 'டீச்சர் வந்திருக்கா' என்கிறாள், ஏதோ பள்ளிக்கூடத்தைச் சோதனை போட அதிகாரி வந்த மாதிரி.

"வாங்க டீச்சர்! லீவு விட்டாச்சா?" என்றார் கடைக்காரர். "உங்க முகத்தைப் பார்த்தாதான் எனக்கு ஒரு வருஷம் ஓடினதே தெரியுது."

டீச்சர் இருக்கிற பெட்டியை எல்லாம் இறக்க வைத்து, கடைசியில் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இதைத் தொட்டுப் பாரு. பஞ்சு மாதிரி இல்ல?"

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இல்லாம? ரப்பர் பையா என்ன?"

தம்பி மனைவி அதற்கும் சிரித்தாள். "அதுவும் மெத்துனுதான் இருக்கும்கா."

"ஆறாம் நம்பர் கட்டுங்க," என்றாள் டீச்சர்.

"அக்கா... பட்டை கொஞ்சம் அகலமா இருக்கிறதாப் பாக்கலாமா?"

"எங்கம்மா கால் எனக்குத் தெரியாதா? நான் முதல் சம்பளத்துல வாங்கினதே ஆறாம் நம்பர்தான். போன வருஷம்கூட நீதானே போட்டோ அனுப்பினே? காலை வெச்சுத் தைச்ச மாதிரி இருந்துது! ஒரே வீட்டுல இருக்கே, மாமியார் கால் அளவு தெரியல உனக்கு."

"ஆமாக்கா. அளவாத்தான் இருந்துது."

அந்த நேரம் தம்பி மனைவியின் போன் அடித்தது.

"அத்தைதான்," என்று எழுந்தவள், கடைக்காரரிடம் திரும்பி, "பில்லைப் பெட்டிக்குள்ளயே போட்டுடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பார்த்தீங்களா? வருஷா வருஷம் இதே பாட்டு! நான் என்ன விலைக்கு வாங்கினேன்னு வேவு பார்க்கணும். நான் அந்தப் பக்கம் போனதும் மாமியாரும் மருமகளும் உக்காந்து பில்லைப் படிச்சுப் பாப்பாங்க போல!"

"ஐயய்யோ, அதுக்கில்ல டீச்சர்..." என்ற கடைக்காரர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பின்ன எதுக்கு?"

அவர் வாசலைப் பார்த்தார். தம்பி மனைவியின் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. "மாத்திரை போட்டாச்சா அத்தை? காலைத் தொங்கப் போடாதீங்க. தலையணை மேல தூக்கி வெச்சுக்குங்க. இதோ வந்துடறோம்."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு, டீச்சர்."

"சொல்லுங்க."

"பில்லு இல்லாம நான் மாத்திக் கொடுக்க மாட்டேன், அதுக்குத்தான். நீங்க ஊருக்குப் போன மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு வருவாங்க. ஆறைக் கொடுத்துட்டு, அதே செருப்புல எட்டு வாங்கிட்டுப் போவாங்க. இன்னைக்கு நேத்து இல்ல, அஞ்சு வருஷமா. அம்மா கால் வீங்கிப் போச்சாமே? 'அக்கா ஆசை ஆசையா எடுத்தது, அளவு சேரலைன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடும்ணே'ம்பாங்க."

அம்மா போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டதும், 'அப்புறமா போட்டுப் பாக்கறேன்' என்றதும் ஒவ்வொன்றாக டீச்சருக்கு ஞாபகம் வந்தன. கையிலிருந்த ஆறாம் நம்பர் இப்போது யாரோ சின்னப் பிள்ளையின் செருப்பு மாதிரி இருந்தது.

அதைக் கடைக்காரரிடமே நீட்டினாள். அவரும் உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்து கட்டினார்.

தம்பி மனைவி அவசரமாக உள்ளே வந்தாள்.

"எடுத்தாச்சாக்கா? அண்ணே, பில்லைப் பெட்டிக்குள்ள போட்டுட்டீங்கல்ல?"

டீச்சர் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"எட்டாம் நம்பரே எடுத்துட்டேன். இந்தத் தடவை பில்லு வேண்டாம்... பாப்பா."