ரெண்டு சீட்டு வண்டி

செத்துப்போன மகனை வாய்க்கு வந்தபடி திட்டுகிற அம்மாவை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

"கொழுப்பெடுத்துப் போய் வண்டியை ஓட்டினான், போய்ச் சேர்ந்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். தபால்காரரைக்கூட விடமாட்டாள். யாராவது "பாவம், தங்கமான பையன்" என்று ஆரம்பித்தால் போதும், "தங்கமா? தறுதலை" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

மகளுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். இருந்தது ஒரே தம்பி. இருபத்தாறு வயசு. அவன் வேகமாகப் போகிறவனே இல்லை. அவனோடு பைக்கில் போனால் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான். அம்மாவிடம் பேசினாலே சண்டை என்று, மாதம் ஒருமுறை வருகிறவள் நேராக ஷெட்டுக்கு அப்பாவிடம் போய்விடுவாள்.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேதான் அந்தக் கார் இருந்தது.

ஐம்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. அப்பாவும் தம்பியும் காயலான் கடையிலிருந்து இழுத்துவந்து, ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்து ஓட வைத்தார்கள். ஓடிய மூணாம் நாள் தம்பி தனியாக எடுத்துக்கொண்டு போனான். வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினான்.

நொறுங்கி வந்ததைத் தூக்கிப்போட அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஆசைப்பட்ட வண்டி, ஓட வச்சே தீருவேன் என்றுவிட்டார். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷர். ரெண்டு வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறார். துருப்பிடித்த போல்ட்டைத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். கதவை நிமிர்த்தினால் பானெட் மூடாது, பானெட்டைச் சரிபண்ணினால் கதவு மூடாது. எட்டு மாதம் காத்திருந்து கார்பரேட்டர் வந்தது, வேறு மாடலுக்கு உள்ளது. தகரம் கிழித்த கை ஆறுவதற்குள் அடுத்த கிழிசல் விழும்.

பாதி நாள் வேலையே நடக்காது. ஸ்பேனரை வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பாதியாகிவிட்டது. போன மாதம் நெஞ்சுவலி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். தம்பிதான் போய்விட்டான், இந்த மனுஷரும் போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் மகளுடைய கவலையெல்லாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அப்பா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் நோண்டியவர், அந்த இடத்தை மட்டும் கடைசிக்கு என்று விட்டுவைத்திருந்தார்.

"இங்க பாரு பாப்பா" என்றார். குரல் சரியில்லை.

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வருகிற கம்பியின் முனையைக் காட்டினார். நட் கழன்றுவிடாமல் இருக்க அதிலிருக்கும் ஓட்டையில் ஒரு பின்னைச் சொருகி மடக்க வேண்டுமாம். மோதினதில் பின் உடைந்திருந்தால் ஓட்டையில் துண்டாவது மாட்டியிருக்கும். ஓட்டை சுத்தமாக இருந்தது. பின் போடவே இல்லை. நட் தானாகக் கழன்றிருக்கிறது.

"பார்த்தீங்களா, அவன் மேல தப்பே இல்லை" என்று மகள் சந்தோஷமாகவே சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அப்பாவின் முகத்தைக் கவனித்தாள்.

"இதை யார் பூட்டினதுன்னு யோசிக்கிறேன்" என்றார் அவர். "அந்த வாரம் ஸ்டியரிங் வேலை பார்த்தது நான்தானே…"

"நீங்க எதுக்கு யோசிக்கிறீங்க?"

டீயோடு அம்மா வந்து நின்றிருந்தாள்.

"அன்னைக்குக் காலையில எனக்கு போன் பண்ணிச் சொன்னான். ஸ்டியரிங் கெட்டியா இருக்கு, நானே கழட்டிச் சரிபண்ணிட்டேன், அப்பாகிட்ட சொல்லாதேன்னான். அரைகுறையாப் பூட்டிக்கிட்டுப் போயிருக்கான், தறுதலை."

இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லையே என்றார் அப்பா.

"ரெண்டு வருஷமா வேற என்னத்தைக் கத்திக்கிட்டிருக்கேன்? தப்பு அவன் மேலதான்னு. யார் கேட்டீங்க?" டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் பின்னாலேயே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். விபத்து நடந்த வாரம் முழுக்க அம்மா மகள் வீட்டில்தான் இருந்தாள், காய்ச்சலில் கிடந்த அவளைப் பார்த்துக்கொண்டு.

"உன் போன் அன்னைக்கு என் தலைமாட்டுல இருந்துச்சு. அவன் கூப்பிடவே இல்லை. செத்தவன் மேல பழி போடறியே, நீ பெத்தவதானா?"

அம்மா அலமாரியில் புடவைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தாள். உள்ளே மடக்காத புதுப் பின் ஒன்று இருந்தது.

"எல்லாம் முடிஞ்சு நாலாம் நாள் துணி துவைச்சேன். உங்கப்பா சட்டைப் பையில இருந்துச்சு. மாட்டுற சாமானையெல்லாம் பையில போட்டுக்கிட்டுத்தானே வேலை பார்ப்பார்? இதை மட்டும் மறந்துட்டார்."

மகள் பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அவனுக்கு இனிமே எதுவும் காதுல விழாதுடி" என்றாள் அம்மா. "இவருக்கு விழணும்."

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அப்பா அதே இடத்தில் இருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

"அம்மா சொன்னது நிஜமா பாப்பா?"

தம்பியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் ரெண்டு வருஷமாகப் பொறுக்காத மகள், அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நிஜம்தான்ப்பா. ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன். அவன் என்னைக்கு யார் பேச்சைக் கேட்டான், திமிர் புடிச்ச பய."